எண்ணும் யாழும் கண்ட விபுலானந்த அடிகளார்

கிழக்கிலங்கை தமிழுலகுக்கு அளித்த பெருமக்களுள் விபுலானந்த அடிகளாரை அறியாதார் நம்முள் இலர். அவர் துறவி என்பதை அறிவோம். பெரும் புலவர் என்பதை அறிவோம். யாழ் நூல் யாத்தவர் என்பதைப் பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆண்டுதோறும் அவர் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். பேச்சுப் போட்டியும் வைக்கின்றோம். ஆனால் அவர் இளமையில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதும், விஞ்ஞானம் கற்பித்த அந்தக் கையே பிற்காலத்தில் யாழின் நரம்புகளை அளந்தது என்பதும் நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. இம்மலரில் அந்தப் பக்கத்தையே எடுத்துரைக்க விழைகின்றோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

நமது சங்கத்தின் மாலை வகுப்புக்களில் றோபோ செய்யும் கலையையும், கணினிக்குரிய சிந்தனை முறையையும் சேர்க்க வேண்டுமென்று இளைஞர் கேட்கின்றனர். பண்ணிசைக்கும் சமய பாடத்துக்குமே நேரம் போதாத இடத்தில் இந்த இயந்திர விளையாட்டு எதற்கு என்று மூத்தோர் சிலர் கேட்கின்றனர். இரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்பட்டுக்கொண்டே வாதிடுகின்றனர் என்பது நமக்கு வியப்பாயிருக்கிறது. பண் ஒரு புறம், கணக்கு மறு புறம். ஒன்றுக்குக் கொடுக்கும் நாழிகை மற்றொன்றிலிருந்து பறித்த நாழிகை என்பதே இருவர் எண்ணமும். அடிகளார் வாழ்க்கையைக் கற்றவர்க்கு இந்தப் பிரிவினை தானாகவே கரைந்து போகும்.

கணிமைச் சிந்தனை என்று இந்நாளில் வழங்கும் சொல் புதியது. பொருள் அத்துணைப் புதியதன்று. ஒரு பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரித்தல், அவற்றுள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்ளல், வேண்டாத விவரங்களை விலக்கி வேண்டியதை மட்டும் எண்ணாகவோ குறியாகவோ ஆக்கல், பின்பு யார் செய்தாலும் ஒரே விடை வரும்படி படிப்படியாகச் செய்முறை வகுத்தல், செய்து பார்த்துப் பிழை கண்டவிடத்துத் திருத்தல் என்னும் இவையே அது. தென்னாபிரிக்காவிற் பிறந்து அமெரிக்காவிற் பணிபுரிந்த சீமோர் பப்பேர்ட் என்னும் கணித அறிஞர் 1967ஆம் ஆண்டில் தம் தோழர்களோடு லோகோ என்னும் கணினி மொழியைச் சிறுவர்க்கென்றே ஆக்கினார். பின்னர் அம்மொழியின் கட்டளைக்கு இணங்கித் தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை போன்றதொரு பொறியும் அமைந்தது. ஆமையை நடத்துகின்ற பிள்ளை கேத்திரகணிதத்தைத் தன் கால்களாலேயே கற்றது. 2006ஆம் ஆண்டில் ஜேனற் விங் என்னும் பேராசிரியை, இச்சிந்தனை கணினித்துறையார்க்கு மாத்திரமன்றி எல்லார்க்கும் வேண்டுவது என ஒரு கட்டுரை வரைந்தார். அதன் பின்னரே உலகெங்கும் பள்ளிகளில் இது பற்றிய பேச்சு பெருகிற்று. கணினி அறைக்குள் ஒரு தனிப் பாடமாக இதனைப் பூட்டி வைப்பதா, மொழி, இசை, வரலாறு, பூமிசாத்திரம் ஆகிய எல்லாப் பாடங்களிலும் கலந்து கற்பிப்பதா என்பதே பெரிய கேள்வி. இக்கேள்விக்குக் கணினி தோன்றுமுன்னரே ஒருவர் தம் வாழ்வால் விடை கூறியிருக்கிறார்.

1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள், மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்று, பதினாறாம் வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். ஆசிரியரானார், கொழும்பிற் பயிற்சி பெற்றார். அக்காலத்து இளைஞர் ஒருவர்க்கு இஃது ஒரு நல்ல வாழ்க்கைக்குப் போதுமான படிப்பு. அவர் அதனோடு அமையவில்லை.

1916ஆம் ஆண்டைச் சற்றே நின்று நோக்குவோம். அவ்வாண்டில் அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்தில் தகுதிப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. ஒரு மேசையில் இரசாயனக் குடுவை, மறு மேசையில் இலக்கண நூல். இரண்டையும் ஒருங்கே படித்தவர் இரண்டுக்குமிடையே மதில் எழுப்பிக்கொள்ளவில்லை. நம் பிள்ளைகளைப் பதினாறு வயதில் கலைப்பிரிவு, விஞ்ஞானப் பிரிவு என இரு தொழுவங்களில் அடைக்கின்ற நமக்கு இது ஓர் உறுத்தலாகவே இருத்தல் வேண்டும்.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். பதவியும் புகழும் ஒருங்கே வந்து வாயிலில் நின்ற வேளையில், 1922இல், அவற்றைத் துறந்து சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்றார். மடத்து ஏடுகளின் ஆசிரியப் பணி புரிந்தார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியன்று சுவாமி சிவானந்தர் துறவு நிலை அருள, விபுலானந்தர் ஆனார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகத் தமிழ் குறித்துப் பேசிய பேச்சு, பின்னர் மதங்க சூளாமணி என்னும் நூலாக விரிந்தது. செகசிற்பியாரின் நாடகங்களை எடுத்து, அவற்றின் கட்டுக்கோப்பை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பார்த்த நூல் அது. நாடகத்தைச் சுவைத்ததோடு நில்லாது, அஃது எவ்வாறு பூட்டப்பட்டிருக்கிறது என்று கழற்றிப் பார்க்கும் ஆசை அவர்க்கு இருந்தது. கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளையின் ஆசையே அது; அதனோடு திரும்பப் பூட்டும் திறமும் அவர்பால் இருந்தது.

1925இல் இலங்கைக்கு மீண்டார். அவ்வாண்டிலே நம் திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தது. 1897ஆம் ஆண்டில் நம் முன்னோர் சைவப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்விச்சாலை அது. அதன் முகாமையாளராகவும், பின்னர் அதிபராகவும் அடிகளார் இங்கே பணியாற்றினார். கோணேசர் மலையையும், கப்பல் தங்கும் ஆழ்துறையையும், மீன்பிடி வள்ளங்களையும் நாடோறும் கண்ட கண்கள் அவர் கண்கள் என்று எண்ணும்போது நமக்கு ஓர் உரிமை உணர்ச்சி எழுவது இயல்பே. இன்றும் ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியின் பெயர் முன்னே நிற்கும் மிஷனின் முதலெழுத்துக்கள் அக்காலத்தையே நினைவூட்டுகின்றன. யாழ்ப்பாணத்து வைத்தீஸ்வர வித்தியாலயத்தையும் அவர் பார்த்துக்கொண்டார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஊரூராய் அலைந்து பள்ளிகளை நடத்திய இவ்வாண்டுகளைப் பற்றி விரிக்கின் பெருகும்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். அங்கிருந்த காலத்து, அருகிலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். பகலிற் பல்கலைக்கழகம், மாலையிற் சேரி. கல்வி எங்கே தேவையோ அங்கே ஆசிரியர் நடந்து செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை போலும். நகரத்திலே விலையுயர்ந்த றோபோப் பெட்டிகள் வாங்கி ஒரு வகுப்பைத் திறந்துவிட்டு, மூதூரிலும் சம்பூரிலும் குச்சவெளியிலும் உள்ள பிள்ளைகள் அதைக் காண பஸ் ஏறி வரட்டும் என்று நாம் இருந்துவிடலாமா என்பதை இளைஞர் சிந்திப்பாராக.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கச் சொல் வேண்டும். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளாரே தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரம், விலங்கு எனத் துறைதோறும் அறிஞர் குழுக்கள் அமர்ந்து உழைத்தன. அம்முயற்சியின் பயன் 1938இல் கலைச்சொல் நூலாக வெளிவந்தது. விஞ்ஞானம் கற்ற புலவரும், தமிழ் கற்ற விஞ்ஞானியும் ஒரே ஆளாய்க் கிடைத்தமையால் அத்தலைமை பொருத்தமாயிற்று. கணினித் துறையில் இன்றும் நம் ஆசிரியர் சிலர் ஆங்கிலக் கட்டளைகளை உருப்போடச் செய்துவிட்டு, பிள்ளைக்கு விளங்கிற்று என்று மனநிறைவு கொள்கின்றனர். ஒரு செய்முறையைத் தன் வீட்டுத் தமிழில் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க இயலாத பிள்ளை அதை விளங்கிக்கொண்டதாக நாம் ஒப்புக்கொள்ளோம்.

இனி யாழ் நூலுக்கு வருவோம். யாழ் என்னும் கருவி தமிழர் கையிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பெயர் இருந்தது, பாட்டில் இடம் இருந்தது, பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என வகைகளின் பட்டியல் இருந்தது. பொருள் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும், அதற்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையிலும் யாழைப் பற்றியும் பாலைகளைப் பற்றியும் நுட்பமான செய்திகள் செறிந்து கிடந்தன. புலவர் பலர் அவ்விடத்தைக் கணக்கறியாமையால் தாண்டிச் சென்றனர். கணக்கறிந்தவர் பலர்க்கு அவ்விடம் இருப்பதே தெரியாது. அடிகளார் நின்றார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நின்றார்.

அவர் கண்டதன் ஒரு சிறு துளியை இளைஞர் பொருட்டு இங்கே சொல்வோம். பழந்தமிழர் ஏழு நரம்புகளுக்கும் அலகு வகுத்தனர். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2; ஆக 22. இவ்வேழையும் ஒரு வட்டத்திலே எழுதுக. குரலிலிருந்து தொடங்கிப் படித்தால் செம்பாலை. துத்தத்தைக் குரலாகக் கொண்டு அங்கிருந்து படித்தால் எண்கள் 4, 3, 2, 4, 3, 2, 4 என வரும், அது படுமலைப்பாலை. கைக்கிளையிலிருந்து படித்தால் 3, 2, 4, 3, 2, 4, 4, அது செவ்வழிப்பாலை. இவ்வாறே உழை குரலாக அரும்பாலை, இளி குரலாகக் கோடிப்பாலை, விளரி குரலாக விளரிப்பாலை, தாரம் குரலாக மேற்செம்பாலை. எப்படிச் சுற்றினும் கூட்டுத்தொகை 22 தான். ஏழு பாலைகளுக்கும் ஏழு பட்டியல்களை நெட்டுருச் செய்ய வேண்டியதில்லை. ஒரு வட்டமும் ஒரு விதியும் போதும். தொடங்குமிடத்தை மாற்ற மாற்றப் பாலைகள் தாமே பிறக்கின்றன. கணினிக்கு நிரல் எழுதும் இளைஞர் இதைக் கண்டவுடன் சிரிப்பர். ஏனெனில் அவர்கள் நாடோறும் செய்வது இதுவே. யாழ் நூலில் பாலைத்திரிபியல் என்னும் இயல் இதனை நாம் சொன்னதிலும் பன்மடங்கு ஆழமாக ஆராய்கின்றது.

அடுத்தது நரம்பின் நீளம். 72 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டுக. நடுவே 36இல் அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். 48இல் நிறுத்தினால், அதாவது மூன்றில் இரு பங்கில், ஐந்தாம் நரம்பாகிய இளி கிடைக்கும். 54இல், நான்கில் மூன்று பங்கில், நான்காம் நரம்பாகிய உழை. செவிக்கு இனிதாவதெல்லாம் சிறு எண்களின் விகிதமாய் அமைந்திருப்பது இயற்கையின் அதிசயம். ஆனால் அங்கேயே ஒரு சிக்கலும் உண்டு. ஐந்தாம் நரம்பை வைத்து ஐந்தாம் நரம்பு என்று பன்னிரண்டு முறை ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே ஏழு தானம் மேலே வந்து சேர வேண்டும் எனத் தோன்றும். கணக்குப் பார்த்தால் ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கியது 129.7 ஆகின்றது, இரண்டை ஏழு முறை பெருக்கியது 128. வட்டம் ஒரு மயிரிழை மூடாமல் நிற்கிறது. அந்த மயிரிழையை என்ன செய்வது என்பதே உலகத்து இசைநூலாரையெல்லாம் அலைக்கழித்த கேள்வி. பௌதிகம் கற்பித்த அடிகளார்க்கு ஒலியின் அதிர்வும் விகிதமும் அந்நியமல்ல. பண்டைய உரையின் சொற்களை எண்களாக்கி, எண்களை நரம்பின் அளவுகளாக்கி, அளவுகளைக் கருவியின் வடிவமாக்கினார். சொல், எண், மரம் என்ற இம்மூன்று படிகளில் எங்கேனும் ஒரு பிழை நேர்ந்தால் கருவி ஒலிக்காது. புத்தகத்தில் வாதத்தால் வெல்லலாம். நரம்பின் முன்னே வாதம் செல்லாது. றோபோ வகுப்பிலும் அப்படியே. சக்கரம் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிள்ளை தன் செய்முறையைத் திரும்பப் படிக்க வேண்டும்.

தமிழ்ப் பாடத்திலே இச்சிந்தனைக்கு இடமேது என்பார்க்கு யாப்பிலக்கணத்தையே காட்டுவோம். அசை நேர், நிரை என இரண்டே. இரண்டசை சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீர். மூன்றசை சேர்ந்தால் எட்டு. நான்கசை சேர்ந்தால் பதினாறு. கணினிக்குள் ஓடுவதும் இரண்டே குறிகளின் அடுக்குத்தான். ஒரு வெண்பாவைத் தளை பிசகாமல் இருக்கிறதா எனச் சோதிக்கும் செய்முறையைப் படிப்படியாக எழுதச் சொன்னால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யாப்பும் வரும், நிரலும் வரும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, கரும்பலகை போதும்.

நம் ஊரோ இத்தகைய பயிற்சிக்கென்றே அமைந்தது போன்றது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருந்தும் வெப்பநிலை ஒன்றுபோல் இல்லை. சிறு கணினிப் பலகையோடு நீர்புகா வெப்பமானி ஒன்றை இணைத்துக் காலையும் மாலையும் அளந்து எழுதினால் பூமிசாத்திரமும் பௌதிகமும் ஒரு பயணத்தில் நடந்தேறும். துறைமுகத்தின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆயினும் ஒரு மிதவையும் உணரியும் கொண்டு ஒரு திங்கள் முழுதும் குறித்து, பஞ்சாங்கத்துத் திதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமாவாசையையும் பூரணையையும் ஒட்டிப் பெருக்கு மிகுவது தெரியவரும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பாட்டனாரும், பலகையை இயக்கத் தெரிந்த பேரனும் ஒரே திண்ணையில் அமர வேண்டிய வேலை இது. நம் மூத்தோர் இதற்கு உடன்படுவர் என்றே நம்புகின்றோம்.

அடிகளாரின் பிற்காலத்தைச் சுருங்கக் கூறுவோம். 1939 முதல் சில ஆண்டுகள் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிவுற்றிருந்தும் யாழ் ஆராய்ச்சி நிற்கவில்லை.

1947ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. நூலை மாத்திரம் படித்துக் காட்டி அமையவில்லை. அடிகளார் கணக்கிட்டபடி செய்த யாழ்க் கருவிகளைப் புலவரும் இசைவாணரும் தாங்கி ஊர்வலமாக வந்தனர். அவையோர் முன்னிலையில் அவை மீட்டப்பட்டன. ஏட்டில் எழுத்தாய்க் கிடந்தது அன்று செவியில் ஒலியாயிற்று.

அந்த ஒலியைக் கேட்ட பின் அடிகளார் ஒன்றரைத் திங்களே இருந்தார். யூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். அவர் திருமேனி கிழக்கே கொணரப்பட்டு, அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்து வளவில், மர நிழலின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் குரல் கேட்கும் தொலைவிலேதான் அச்சமாதி இருக்கிறது.